ஐந்து நட்சத்திர லிஃப்ட்

போன வாரம் இந்தக் குடும்பத்தைக் கடற்கரை ஹோட்டலின் வாசலில் பெட்டி படுக்கையோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஏழு நாளாக அங்கேயே நிற்கிறார்களோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். உள்ளே போய்விட்டார்கள். போனதுதான் தப்பு.

புதிதாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு நாலு வரி. அப்பா முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. தன் வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேலாக மறதி. சாவியைத் தேடுகிற மறதி இல்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போகிற மறதி.

மருந்து கம்பெனியில் மேலாளராக இருக்கும் மகன், முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறான். அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் மகள், நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது என்கிறாள். சண்டை முற்றிப் போய்க் கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் என்ற பேரில் எல்லோருமாக மூன்று நாள் கடற்கரைக்குப் போவது. இல்லத்தை நடத்தும் அம்மாள் இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு ஹோட்டலுக்கே வந்து அப்பாவைப் பார்ப்பார். அதற்குள் அப்பா ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை என்றால், அண்ணன் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. தடுமாறினால், தங்கை வாய் திறக்கக் கூடாது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் கடல் பார்க்க வந்திருக்கிறார்.

அந்தக் கடலைத்தான் காணோம்.

"கடல் தெரியும் அறை" என்று படம் போட்டிருந்தார்கள். அறை நாலாவது மாடியில், அதாவது உச்சி மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் கொட்டகையின் தகரக் கூரை. பால்கனியின் இடது மூலையில் ஒட்டி நின்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அது கடலா, பக்கத்துக் கட்டடத்தின் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியா என்பதில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் முதல் நாளே சண்டை வந்துவிட்டது.

நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, உடைந்த நாற்காலிகள் இருந்தன. ஏசி குளிர்ச்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. அதிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க அறைக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். வாளிமேல் ஹோட்டலின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. ஐந்து நட்சத்திரத்தில் ஒரு நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்தது அந்த வாளியில்தான்.

இரண்டாம் நாள் காலை. சாப்பாட்டுக் கூடத்தில் ஆறிப்போன டீ, விறைத்த ரொட்டி, வேகாத முட்டை.

"படத்துல எவ்ளோ அழகா இருந்துச்சு!" என்று நாலாவது தடவையாக மூக்கால் அழுதாள் அண்ணி. "பார்த்துப் பார்த்து புக் பண்ணினீங்களே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"இந்தா, கண்ணு டெஸ்ட் பண்றவ பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா. அவகிட்டயே கேளு" என்றான் அண்ணன்.

தங்கை கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். அண்ணன் சொன்ன நகைச்சுவைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அப்பாவைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகையில் எழுத்து தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. முந்தின ஆள் படித்ததை மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஒப்பிப்பார்கள். மாட்டிக்கொண்டால், இவ்வளவு பொடியாக எழுதினால் யாருக்குத் தெரியும் என்று சிரித்து மழுப்புவார்கள். நேற்றிலிருந்து அப்பாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். யாராவது ஏதாவது கேட்டால், அண்ணன் வாயைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். அறை எண் கேட்டால் "அதான், நம்ம ரூம்" என்றார். கடையில் என்றால் அந்த ஆளை மறுபடி உட்கார வைத்துச் சோதித்திருப்பாள். இங்கே பார்த்தும் பார்க்காதவள் போல, அவளே எண்ணை எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணனுக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ரொட்டியைக் கீழே வைத்தார். "இந்த லிஃப்ட் சரியில்ல. யாரும் ஏறாதீங்க."

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான் அண்ணன்.

"நேத்து நாலாவது மாடியில நின்னப்ப ரெண்டு அங்குலம் இறங்கி நின்னுச்சு. இன்னிக்குக் காலையில மூணு அங்குலம். மேல போகும்போது ஒரு உரசல் கேக்குது. தூக்குற இரும்பு ரோப்பு போயிருக்கு."

"அப்பா, எந்த ஊருக்குப் போனாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதையேதான் சொல்றீங்க. போன வருஷம் என் ஆபீஸ் லிஃப்டுலயும் ரோப்பு போயிருக்குன்னீங்க. ஒண்ணும் ஆகல."

"மாத்தினாங்களா இல்லயா?"

அண்ணன் ஆறிப்போன டீயைக் குடித்தான். மாற்றித்தான் இருந்தார்கள்.

அப்பா எழுந்து வரவேற்பு மேஜைக்கே போய்விட்டார். அங்கே இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பப்ப கரண்ட் போகும் சார். அதனால நிக்கும். தானா சரியாயிடும்" என்றாள். கரண்டுக்கும் ரோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா பத்து நிமிஷம் விளக்கினார். சுவரோடு பேசியிருந்தால் சுவராவது கேட்டிருக்கும்.

ஆனால் தங்கைக்கு உள்ளூர சந்தோஷம். பல மாதத்துக்குப் பிறகு அப்பா முழுசு முழுசாக வாக்கியம் பேசுகிறார், ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. இப்படியே சாயங்காலம் வரைக்கும் லிஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணனும் அண்ணியும், பக்கத்தில் வேறு நல்ல ஹோட்டல் இருக்கிறதா பார்க்கலாம் என்று கடற்கரை ஓரமாக நடந்தே கிளம்பினார்கள். அவர்கள் பெண் வர மறுத்துவிட்டாள். எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்பா அறையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "மொட்டைமாடியில மோட்டார் ரூம் இருக்கும். போய்க் கண்ணால பார்த்துட்டு வந்து அந்த மேனேஜர் முகத்துல அடிச்ச மாதிரி சொல்றேன். கார்ல என் டார்ச் லைட் இருக்கு, எடுத்துட்டு வாம்மா."

"நான் வர்ற வரைக்கும் ரூம்லயே இருப்பீங்களா?"

"எங்க போகப் போறேன்? டார்ச் இல்லாம அங்க என்ன தெரியும்?"

தங்கை வாலுவையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து இறங்க வேண்டியிருந்தது. கார் நிறுத்தும் இடமோ கட்டடத்தின் பின்னால், வெயிலில் கொதித்தது. காருக்குள் டார்ச் கிடைக்கவே கால் மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது வாலு லிஃப்ட் வாசலில் நின்றுவிட்டாள். "அத்தை, கால் வலிக்குது."

"தாத்தா ஏறக் கூடாதுன்னாரே?"

"அப்பா ஏறலாம்னாரு."

அந்த இடத்தில் அவள் யோசித்திருக்கலாம். அப்பா தெளிவாக இருக்கிறார், அப்பா சொல்வதெல்லாம் சரி என்று ஒரு வருஷமாக அண்ணனோடு மல்லுக்கு நிற்பவள் அவள். ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது, ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்பதுதான். பொத்தானை அழுத்தினாள். அப்பாவின் பேச்சை அவளும் நம்பவில்லை என்பது அவளுக்கே அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது மாடி தாண்டியதும் மேலே எதுவோ பிறாண்டுகிற சத்தம். அடுத்த நொடி விளக்கு அணைந்தது. லிஃப்ட் குலுங்கி நின்றது.

வாலு அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். டார்ச்சைப் போட்டதும் சின்னப் பெட்டியும், பூஞ்சை பிடித்த கம்பளமும், கண்ணாடியில் வெளிறிப் போன இரண்டு முகங்களும் தெரிந்தன. ஆபத்து மணி பொத்தானை அழுத்தினாள். அது உள்ளே போனது, வெளியே வரவில்லை. சத்தமும் வரவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கதவைத் தட்டினாள், கத்தினாள். கரண்ட் போயிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று அந்தப் பெண் கீழே கணினி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. கூடவே யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதும் கேட்டது. "நெனச்சேன்... ஒண்ணு முழுசா போச்சு... அடுத்தது பாதி..."

"தாத்தா!" என்று கத்தினாள் வாலு.

மோட்டார் ரூம் தரையில் ரோப் இறங்குவதற்கு ஓட்டைகள் இருக்கும். அது வழியாகக் குரல் கிணற்றுக்குள் பேசுவது போல இறங்கி வந்தது. "யாரது?"

"நான்தான்பா! லிஃப்டுக்குள்ள இருக்கோம். நானும் வாலுவும்."

மறுபடி அப்பாவின் குரல், கொஞ்சம் எரிச்சலோடு. "லிஃப்டுக்குள்ள யாரும் கிடையாது. நான் மெயினை நிறுத்திட்டேன்."

அவள் டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பினாள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்ட் வேலையில் மெயின் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று மூன்று தடவை குரல் கொடுத்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்பாவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். வீட்டில் குளியலறை விளக்கை அணைப்பதற்குக்கூட "ஆள் இருக்கா? ஆள் இருக்கா? ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அணைப்பார். அண்ணனும் அவளும் சின்ன வயதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அம்மா இறந்து, வீட்டிலிருந்து எடுத்துப்போன அன்றைக்குக்கூட, காலியான அறையின் கதவைச் சாத்துமுன் அவர் மூன்று தடவை கேட்டார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

இன்று ஒரு தடவைகூடக் குரல் வரவில்லை.

"அப்பா, நீங்கதான டார்ச் எடுத்துட்டு வரச் சொன்னீங்க?"

"நானா? டார்ச்சா? எல்லாரும் கடலுக்குல்ல போயிருக்கீங்க?"

அந்தக் கேள்வி அவளை உலுக்கிப் போட்டது. சுவரில் சாய்ந்துகொண்டாள். பாலும் பஸ்ஸும் வயசானால் வருவதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இதற்குச் சமாதானம் எங்கே போய்த் தேடுவது?

குரலை இறக்கி, கடையில் பயந்த குழந்தைகளிடம் பேசுவது போலப் பேசினாள். "பரவாயில்லப்பா. சுவிட்சைப் போட்டுடுங்க, நாங்க இறங்கிடறோம்."

"போடக் கூடாது." அதில் மட்டும் குரல் உறுதியாக இருந்தது. "ரோப்பு இருக்கிற லட்சணத்துக்கு ஓட விட்டா அறுந்துடும். கையால சுத்தித்தான் இறக்கணும். அதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தன் பிரேக்கு, ஒருத்தன் சக்கரம். நான் தனியா தொட மாட்டேன்."

"அப்ப கீழ போய் ஆளைக் கூட்டிட்டு வாங்கப்பா. வரவேற்புல சொல்லுங்க. லிஃப்டுக்குள்ள நாங்க இருக்கோம்னு சொல்லுங்க."

"இதோ, அஞ்சே நிமிஷம். வாலு, பயப்படாத. தாத்தா இதோ வந்துட்டேன்."

காலடிகள் போயின. இரும்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்போது மணி இரண்டேகால்.

இரண்டரை ஆயிற்று. வாலு ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினாள். டார்ச்சைச் சேமிக்க அணைத்து அணைத்துப் போட்டார்கள். காற்று புழுங்கியது. துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவை அசையும்போதும் மேலே ஏதோ முனகியது. மிச்சம் இருக்கிற ரோப் எத்தனை என்று அவள் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பவில்லை. இருவரும் ஆளுக்கொரு மூலையில் ஆடாமல் உட்கார்ந்துகொண்டார்கள்.

இரண்டே முக்கால் ஆயிற்று. யாரும் வரவில்லை.

"அத்தை, தாத்தா விழுந்துட்டாரா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ மறந்துட்டாரா?"

அவள் டார்ச்சை அணைத்தாள். விழுந்திருக்கலாம் என்பதைவிட மறந்திருக்கலாம் என்பதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

மூன்றேகாலுக்கு அண்ணியின் குரல் எங்கேயோ கேட்டது. குழந்தையைத் தேடிப் படியேறி வந்தவள், மெத்தைக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு, வாலு கதவை உதைக்கும் சத்தத்தைக் கேட்டாள். அதற்கப்புறம் ஹோட்டலே ரெண்டுபட்டது. அண்ணி போட்ட சத்தத்தில் அந்த வரவேற்புப் பெண் முதல் முறையாகக் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாளாம்.

பக்கத்து ஊரிலிருந்து மெக்கானிக் ஒருவர் ஆளோடு வந்து, கையால் சக்கரம் சுற்றி, லிஃப்டை மூன்றாவது மாடிக்கு இறக்கிக் கதவைத் திறக்கும்போது மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். அண்ணி பெண்ணை வாரி எடுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தங்கை வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அப்பா எங்க?"

"ரூம்லதான் இருக்காரு. டிவி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்தபடி. "நான் போய்க் கத்தறேன், மாமா என்னைப் பார்த்துப் பேந்தப் பேந்த முழிக்கிறாரு. பாவம், அதிர்ச்சியில அப்படி ஆயிட்டாரு போல."

எல்லோரும் வரவேற்புக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பாவையும் அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். சட்டை முழுக்க கிரீஸ். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் கையில் ஒரு காகிதத்தோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும், முரட்டு மனிதர். நேரே ஹோட்டல் மேனேஜரிடம் போனார்.

"மெயினை ஆஃப் பண்ணி, 'ரோப் அறுந்துள்ளது, போடாதே'ன்னு எழுதி மாட்டியிருக்கு. யார் செஞ்சது?"

மேனேஜர் கையை விரித்தார். வாலு தாத்தாவைப் பார்த்தாள். அப்பா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார், வகுப்பில் பதில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற பையனைப் போல.

மெக்கானிக் அவர் பக்கத்தில் போய்க் குந்தினார். "ஐயா, லிஃப்ட் லைன்ல இருந்தவரா?"

"முப்பத்தெட்டு வருஷம்."

"அதான பார்த்தேன். நாலு ரோப்புல ஒண்ணு முழுசா போயிடுச்சு. இன்னொண்ணு பாதி. உள்ள ஆள் ஏறி மேல வர நேரத்துல நீங்க நிறுத்தலேன்னா, இந்த ரெண்டு பேரும்..." அவர் முடிக்கவில்லை. அப்பாவின் கிரீஸ் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பெரிய காரியம் பண்ணிட்டீங்க ஐயா."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அண்ணி ஓடிவந்து மாமனாரின் காலைத் தொட்டாள். அப்பாவின் முகம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. என்ன நடந்தது என்பதை அவர்கள் வாயிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஆமா, ஆமா. உரசல் கேட்டுச்சு. உடனே நிறுத்திட்டேன். காலையிலயே சொன்னேன்ல?" என்றார். சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்துத் தங்கை பார்த்ததில்லை.

அண்ணன் அவளைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ ஜெயிச்சுட்ட" என்றான். "நான்தான் அவரை மதிக்காமப் போயிட்டேன். காலையில அவர் சொன்னதைக் கேட்டிருந்தா என் பொண்ணு அதுக்குள்ள மாட்டியிருக்க மாட்டா." போனை எடுத்தான். "அந்தம்மாவை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இனிமே அந்தப் பேச்சு வேண்டாம். அவர் வீட்லயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். ஒரு வருஷச் சண்டை முடிந்தது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்பா தன் வீட்டில், தன் நாற்காலியில் இருப்பார். எத்தனை கோயில் வாசலில் நின்று இதைக் கேட்டிருப்பாள்!

யாரோ முந்தானையை இழுத்தார்கள். வாலு அண்ணாந்து பார்த்து, அத்தையைக் குனியச் சொல்லிக் காதில் கிசுகிசுத்தாள்.

"தாத்தா நம்மளை மறந்துட்டுப் போனதை நான் சொல்ல மாட்டேன் அத்தை. சாமி சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எட்டு வயசு. இன்றைக்கு இவள் சொல்ல மாட்டாள். நாளைக்குத் தாத்தா வீட்டில் கேஸ் நாற்றம் வந்தாலும் சொல்ல மாட்டாள். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்? இந்த அத்தையைப் பார்த்துத்தான். அறை எண் தெரியாமல் அப்பா மழுப்பியபோது, "அதான், நானூத்தி ஆறு" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்துத்தான்.

அண்ணன் போனைக் காதில் வைத்துவிட்டான்.

"அண்ணா, வை."

"என்ன?"

"வைன்னு சொல்றேன்ல. அவங்க வரட்டும்."

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. "நாங்க உள்ள இருக்கிறது அவருக்குத் தெரியாதுண்ணா. அவர்தான் எங்களை டார்ச் எடுத்துட்டு வர அனுப்பினாரு. அனுப்பிட்டு மறந்துட்டாரு. ஆள் இருக்கான்னு ஒரு தடவைகூடக் கேக்கல. அப்புறம் நாங்க கூப்பிட்டோம், பேசினாரு, ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு போனாரு..."

"போய்?"

"போய் டிவி பார்த்துட்டு இருந்தாரு."

அண்ணன் போனைக் கீழே இறக்கினான். ஜெயித்துவிட்டோம் என்று அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதைப் பார்த்ததும் இவனை அறைய வேண்டும் போலிருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் வரவில்லை. அவன் முகம்தான் தொங்கிப் போயிற்று. இந்த ஒப்பந்தத்தில் தோற்றுவிட வேண்டும் என்று அவனும்தான் ஆசைப்பட்டிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆள் இருக்கான்னு கேக்கலயா?" என்றான். "அப்பாவா?"

"ஆமா."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மெக்கானிக்கிடம் விடைபெற்றுக்கொண்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார், நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் மூலையில நின்னு குசுகுசுன்னு? யார் வர்றாங்க?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"உங்களைப் பார்க்க ஒருத்தங்க வர்றாங்கப்பா. அஞ்சு மணிக்கு."

"என்னையா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குள்ள வெளியில தெரிஞ்சிடுச்சா? இரு இரு, இந்தச் சட்டை பூரா கிரீஸ். இப்படியே நின்னா மரியாதையா இருக்காது. நல்ல சட்டையா ஒண்ணு மாத்திட்டு வந்துடறேன்."

வேகமாகப் படியை நோக்கிப் போனார். முதல் படியில் கால் வைத்தவர் நின்று திரும்பினார். "ஏம்மா, நம்ம ரூமு எத்தனாவது மாடி?"

நாலு என்று எடுத்துக் கொடுக்க அவள் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். அப்பா எப்போதும் போலச் சிரித்து மழுப்பிவிட்டு ஏற ஆரம்பித்தார்.

அண்ணன்தான் பின்னாலேயே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.